இரண்டு நெற்றிக்கும் குங்குமம்

முழங்கால் வலியையும் மாத்திரைகளையும் பற்றி நாம் பேசித் தீர்த்தாயிற்று. இன்று ஒரு நாள் அதை விட்டுவிடுவோம். நீங்கள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வீட்டில் மாட்டியிருந்த சாமி படங்களை நினைத்துப் பாருங்கள். லட்சுமி, சரஸ்வதி, பிள்ளையார் மூன்று பேரும் ஒரே சட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். மூன்று பேருக்கும் ஒரே கன்னம், ரோஸ் பவுடர் போட்ட மாதிரி. கண்ணாடிக்கு உள்ளே எப்படியோ நுழைந்து செத்துப்போன ஒரு பூச்சியும் இருக்கும். உங்கள் வீடு மதுரைப் பக்கம் என்றால் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டவர் என் அப்பாவாகவே இருந்திருக்கலாம்.

கோயிலை ஒட்டிய ஒரு சந்தில் அப்பாவுக்குப் படக்கடை இருந்தது. குடியிருந்தது சமயநல்லூரில். தினமும் காலையில் பஸ் ஏறிப் போவார், இருட்டுகிற நேரத்தில் திரும்புவார். அவர் சட்டையில் மைதா பசை காய்ந்து ஒட்டியிருக்கும். விரல்களில் கண்ணாடி கீறியதற்கு எந்நேரமும் ஒரு துணிக்கட்டு இருக்கும். கண்ணாடி அறுக்க அவரிடம் எலும்புக் கைப்பிடி போட்ட வைரம் ஒன்று இருந்தது. கண்ணாடியின் மேல் அதை ஒரு இழுப்பு இழுப்பார், கிர்ரென்று பல் கூசும். பிறகு ஓரத்தில் லேசாக ஒரு தட்டு. கோடு போட்ட இடத்தில் கண்ணாடி இரண்டாகப் பிரியும். அந்த வைரம் எங்கே போனது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்கு அது கிடைத்தால் தலைமாட்டில் வைத்துக்கொள்வேன்.

சாமிகளைப் பற்றி அப்பாவுக்குத் தீர்மானமான கருத்துகள் உண்டு. கன்னம் இல்லாத சாமி விற்காது என்பது முதல் கருத்து. இரண்டாவது, பின்னமான படத்தைக் கடையிலோ வீட்டிலோ வைத்திருக்கக் கூடாது. முகம் கிழிந்தது, கை கரையானுக்குப் போனது, எதுவானாலும் அது பின்னம்தான். அதைக் குப்பையிலும் போடக் கூடாது. சாமியாக இருந்தது அல்லவா. அரசமரத்தடியில் கொண்டுபோய் மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். நீங்களும் பார்த்திருப்பீர்கள், பெரிய அரசமரம் எதுவானாலும் அடியில் நாலு பழைய படங்கள் வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கும்.

நான் சொல்ல வந்தது என் பத்து வயதில் வந்த ஒரு கோடை விடுமுறையை. அந்தக் கோடையில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, பட்டணத்தில் ஓவியப் படிப்பை முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காதை மூடிய தலைமுடி, தோளில் ஒரு துணிப்பை, உடம்பெல்லாம் டர்பன்டைன் வாசனை. பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்குள் ஊரில் பாதிப்பேர் அவரை பெயின்ட் அடிக்க வந்தவர் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மாமாவுக்கு மொட்டைமாடியில் இருந்த தகரக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார்கள். சென்னையில் ஒரு பெரிய கண்காட்சி, அதற்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். அது தேறினால் அங்கேயே இரண்டு வருடம் தங்கி வரைய இடம் கிடைக்கும். தேறாவிட்டால்?

"தேறலைன்னா மறுபேச்சு இல்லாம உங்க கடைக்கு வந்துர்றேன் மச்சான். நீங்க சொல்ற சாமிக்குச் சட்டம் போடுறேன், கன்னம் வச்சு வரையச் சொன்னாலும் வரையுறேன்" என்று மாமா அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அதில் உள்ளூர ஆசை இருந்தது. கடைக்கு ஒரு ஆள் வேண்டும் அல்லவா. அம்மாவுக்கோ தம்பி எங்கே போனாலும் நன்றாக இருந்தால் சரி.

மாமா வரைய எடுத்துக்கொண்டது மீனாட்சியை. என்னைவிட உயரமான துணி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி நிறுத்தியிருந்தார். வண்ணங்களைத் தேங்காய்ச் சிரட்டைகளில் குழைப்பார். எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. முழங்கையை மடித்து, கையில் அடுக்களைக் கரண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். கரண்டிதான் கிளி. தகரக் கூரை கொதிக்கும், மூக்கு நுனியில் வியர்வை சொட்டும், சொறியக் கூடாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீனாட்சியின் கை என்னுடைய கை என்று தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். ஒருத்தியும் நம்பவில்லை.

படம் வளர வளர வீட்டில் கவலையும் வளர்ந்தது. உடம்பெல்லாம் பச்சை, அது வரை சரி. முகம் இரண்டு பாதியாகப் பிளந்து இருந்தது. ஒரு பாதி நம்மைப் பார்க்கும், இன்னொரு பாதி பக்கவாட்டில் திரும்பி எதையோ பார்க்கும். இரண்டுக்கும் தனித்தனி நெற்றி. கை தோளில் இல்லாமல் தனியாக இடுப்புக்குப் பக்கத்தில் மிதந்தது. கிளி தலையைவிடப் பெரிது. மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்து வெகுநேரம் பார்த்தார்.

"மாப்ள, ஆத்தா மேல லாரி ஏறிருச்சா?"

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "மச்சான், கோயில்ல நீங்க ஒரே இடத்துல நின்னா சாமி கும்பிடுறீக? வரிசையில வாரப்ப பக்கவாட்டுல தெரியும், கிட்ட போனா நேரா தெரியும், தள்ளிவிட்டாகன்னா கை மட்டும் தெரியும். அம்புட்டையும் ஒண்ணா வச்சிருக்கேன்."

"தள்ளுமுள்ளுல பாத்தத எல்லாம் படம்னு சொல்லாத. இது சாமியே இல்ல. என் கடைக்கு இப்படி ஒண்ணு வந்தா, கண்ணாடி நொறுங்கிருச்சுன்னு சொல்லி வேற கண்ணாடி போடச் சொல்லுவாக."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு அப்பாவின் மேல் ரொம்பக் கோபம். அந்தப் படத்தில் என் கை இருக்கிறதே, கொஞ்சம் மரியாதையாகப் பேசக் கூடாதா.

படம் முடிந்த வாரத்தில் என் தம்பிக்கு அம்மை போட்டது. அவனுக்கு அப்போது ஐந்து வயது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுக்களையில் தாளிப்பு நின்றது. அம்மா ஈரப் புடவையோடு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பங்கொழுந்தால் தடவிக்கொண்டிருந்தார். அம்மை வந்தால் ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். சத்தமாகப் பேசக் கூடாது, சண்டை போடக் கூடாது, யாரையும் திட்டக் கூடாது. பள்ளிக்கூடமும் இல்லாமல் திட்டும் இல்லாமல் எனக்கு அது ஒரு பொற்காலமாக இருந்தது. தம்பி மன்னிக்கட்டும்.

மூன்றாம் நாளும் அவனுக்குச் சுரம் இறங்கவில்லை. எதிர்வீட்டு அத்தை உள்ளே வராமல் வாசலில் நின்றே அப்பாவிடம் பேசினார்.

"அண்ணே, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீக. கீழ ஆத்தா வந்து இறங்கியிருக்கா. மாடியில ஆத்தாள ஒடச்சுப்போட்டு வச்சிருக்கீகளாமே. பச்சப்பிள்ள வீடு."

அத்தை போன பிறகும் அப்பா அந்த வேப்பிலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் மாமா திருமங்கலத்தில் தெரிந்தவர் மரப்பட்டறைக்குப் போனார். படத்தை அனுப்பப் பெட்டி செய்யப் பலகை வேண்டும். அதற்கு மறுநாள் காலை ரயிலில் படம் கிளம்ப வேண்டும், அதை விட்டால் கண்காட்சிக்குப் போய்ச் சேராது. மாமா பஸ் ஏறியதும் அப்பா குளித்தார். நடுப்பகல், கத்திரி வெயில், அந்த நேரத்தில் அவர் குளித்து நான் பார்த்ததே இல்லை. ஈர வேட்டியோடு மாடிக்குப் போனார். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன் மேல் படத்தை, முகம் வானத்தைப் பார்க்க, தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார். அம்மா உள்ளே தம்பியோடு கண் அயர்ந்திருந்தார்.

நான் பின்னாலேயே போனேன். பரவைப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு மைலுக்கு மேல் நடந்தால் கண்மாய்க்கரை வரும். அங்கேதான் அரசமரம். தார் ரோடு இளகிப் பளபளத்துக்கொண்டிருந்தது. என் செருப்பு ஒட்டி ஒட்டி எழுந்தது. அப்பா வெறுங்காலோடு நடந்தார். அவர் நடை எனக்கு வேடிக்கையாக இருந்தது, காலைச் சட்டுச் சட்டென்று எடுத்து எடுத்து வைத்தார். செருப்பை மறந்துவிட்டார் என்று நினைத்து, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மரத்தடியில் ஏழெட்டுப் பழைய படங்கள் இருந்தன. அவற்றைக் கொஞ்சம் நகர்த்தி இடம் செய்து, மாமாவின் படத்தைக் கிழக்குப் பார்க்கச் சாய்த்து வைத்தார். கை கூப்பி ஏதோ முணுமுணுத்தார். திரும்பியபோது எதிரே நான் நின்றேன்.

"நீ எதுக்குடி வந்த? மாமாட்ட நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் திறக்காத."

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு "கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

சாயங்காலம் மாமா பலகைகளோடு வந்தார். சீட்டியடித்துக்கொண்டே மாடிக்கு ஏறினார். சீட்டி பாதியில் நின்றது. இறங்கி வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயைத் திறக்காதே என்று அப்பா சொன்னதெல்லாம் எங்கே போனதோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதுடா தம்பி. சத்தியமாத் தெரியாது."

"குப்பையில போட்டுட்டாரா?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"குப்பையில இல்ல மாமா. கண்மாய்க்கரை அரசமரத்துல."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "அரசமரத்துலயா? எப்படிக் கொண்டு போனாரு?"

"தலையில வச்சு."

"குளிச்சாரா?"

"ம்."

"செருப்பு போட்டிருந்தாரா?"

"இல்ல. மறந்துட்டாரு."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அக்கா, பட்டணத்துல வாத்தியாருக எல்லாரும் என் படங்கள நல்லாருக்குன்னாக. கோடு நல்லாருக்கு, கலர் நல்லாருக்குன்னாக. சாமின்னு நெனச்சு பயந்தது மச்சான் ஒருத்தருதான்க்கா."

வெயில் தாழ்ந்திருந்தது. மாமாவும் நானும் கண்மாய்க்கரைக்கு ஓடாத குறையாகப் போனோம். எனக்கு வழியெல்லாம் ஒரே பயம், படம் இருக்குமா, ஆடு தின்றிருக்குமா என்று. படம் இருந்தது. அதன் முன்னால் ஒரு பெண் குந்தியிருந்தார். பக்கத்தில் இரண்டு காலிக் கூடைகள். பரவைச் சந்தையில் காய் விற்றுவிட்டு ஊர் திரும்புகிறவர். படத்தின் கீழே அரளிப்பூ, ஒரு சின்ன அகல் விளக்கு. பிளந்த முகத்தின் இரண்டு நெற்றியிலும் பெரிது பெரிதாகக் குங்குமம்.

மாமா மெதுவாகக் கேட்டார். "இது என்ன சாமிங்க?"

"கிளிய வச்சிருக்காள்ல, தெரியலையா தம்பி? ஆத்தா மீனாச்சி. எவனோ ஒடச்சுப்புட்டுக் கொண்டாந்து வச்சுட்டுப் போயிருக்கான், கட்டையில போறவன். மொகம் ரெண்டாப் போச்சு பாருங்க. எந்த நெத்தி அவ நெத்தின்னு தெரியல, ரெண்டுக்கும் வச்சுவிட்டேன்."

என் பக்கத்தில் நின்ற கட்டையில் போகிறவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு மாமா, அதை உடைத்தது தான்தான் என்றும் அது உடையவே இல்லை என்றும், சென்னைக்குப் போக வேண்டிய படம் என்றும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அந்த அம்மாள் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீங்க வரைஞ்சதா இருக்கலாம் தம்பி. மரத்தடியில விட்டத எடுக்கக் கூடாதுல்ல. வெளக்குப் போட்டுட்டேன். வெளக்க மட்டும் மொட்டையா விட்டுட்டுப் போகச் சொல்றீகளா?"

மாமாவுக்கும் அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். கை நீட்டிப் படத்தைத் தொடப் போய், தொடாமலே நின்றார். அந்தக் கணம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. படம் போகாவிட்டால் மாமா கடைக்கு வந்துவிடுவார், இங்கேயே இருப்பார் என்று எனக்குள் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது வெட்கப்பட்டு ஓடிவிட்டது.

அப்போது ரோட்டில் ஒரு பஸ் நின்றது. இறங்கியவர் அப்பா. எங்களைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். நொண்டி நொண்டிக் கரையேறி வந்தார். கையில் பழைய பேப்பர் சுற்றிய ஒரு பொதி. மாமாவின் முகத்தைப் பார்க்காமலே பிரித்தார். கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த மீனாட்சி. தங்க நிறச் சட்டம், உப்பிய கன்னம், முகம் ஒன்றே ஒன்று.

"இத வச்சுக்க மாப்ள" என்றார் அப்பா. "பிள்ளைக்கு முடியாமப் போச்சு, எனக்கு வேற ஒண்ணும் தோணல. கடையில இதவிட நல்ல படம் கிடையாது."

மாமா ஒரு மாதம் பாடுபட்டு வரைந்த படத்துக்கு ஈடாகக் கடை மீனாட்சி. எனக்கே சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை. அந்தப் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு கூடைக்காரப் பெண்மணியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அதுக்குப் பதிலா இந்த ஆத்தாள இங்க வைக்கிறேன். வெளக்க இதுக்குப் போடுறீகளா?"

அப்பா பதறினார். "முழுசா இருக்கிற சாமிய யாராச்சும் மரத்தடியில விடுவாகளா?"

"மரத்தடியில எதுக்குய்யா விடணும்?" என்றார் அந்தப் பெண்மணி. "எங்க வீட்டுல ஆணி இருக்கு, குடுங்க. வெளக்க அங்க போட்டுக்கிறேன்." படத்தை வாங்கிக் கூடைக்குள் பத்திரமாக வைத்து, முந்தானையால் மூடினார். பிறகு பிளந்த முகத்தின் முன்னால் போய் நின்று, வீட்டு ஆளை வழியனுப்புவதுபோல, "போயிட்டு வா ஆத்தா" என்றார். அகலையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாமா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் படத்தைத் தலையில் தூக்கிவைத்தார்.

"இப்பக் கழட்டுவ. ரோடு ஆறிப்போச்சுல்ல" என்றார் அப்பா.

அன்று பெட்டியைச் செய்தது அப்பாதான். தம்பி தூங்குகிறான் என்று ஆணி அடிக்காமல், ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினார். குங்குமத்தைத் துடைக்கலாமா என்று பஞ்சோடு வந்து கேட்டார். பெயின்ட் முழுக்கக் காயாமல் இருந்ததால் குங்குமம் உள்ளே இறங்கிவிட்டது. இருக்கட்டும் என்றார் மாமா. பெட்டியின் மேல் "கண்ணாடி, கவனம்" என்று அப்பா தன் அழகான கையெழுத்தில் எழுதினார். உள்ளே கண்ணாடியே இல்லை. அது அவருக்குக் கை பழக்கம்.

தம்பிக்கு இரண்டு நாளில் சுரம் இறங்கி, தலைக்குத் தண்ணீர் விட்டார்கள். படத்தை மரத்தடியில் கொண்டுபோய் வைத்ததால்தான் என்று எதிர்வீட்டு அத்தை சொன்னார். திரும்ப எடுத்து வந்ததால்தான் என்று அம்மா சொன்னார். இரண்டு பேரும் சாகும்வரை விட்டுக்கொடுக்கவில்லை.

படம் தேறியது. தேர்வு செய்தவர்கள் அந்த இரண்டு சிவப்புப் பொட்டுகளையும்தான் ரொம்பத் துணிச்சலான கைவேலை என்று பாராட்டினார்களாம். மாமா அதை எங்கே போனாலும் சொல்லிச் சிரிப்பார். சென்னையில் தங்கி, பிறகு எங்கெங்கோ போய், ஆயுள் முழுக்க வரைந்தார். அப்பா தன் கடையில் கடைசிவரை கன்னம் வைத்த சாமிகளையே விற்றார். மாமாவின் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் மாட்டப்படவில்லை. ஒரு முறை நான் அப்பாவிடம் கேட்டேன். "அத மாட்ட நம்ம வீட்டுல ஆச்சாரம் பத்தாதுடி" என்று மட்டும் சொன்னார். பதில் சொல்லத் தெரியாமல் மழுப்புகிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் மதுரையில் மாமாவின் படங்களைக் கண்காட்சி வைத்தார்கள். அந்தப் பழைய மீனாட்சியை யாரோ ஒருவர் வீட்டுச் சுவரிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தார்கள். நான் போய் இறங்கியபோது உள்ளே நல்ல கூட்டம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலிருந்தே பச்சை தெரிந்தது. என் பத்து வயதுக் கை, கிளியை ஏந்திக்கொண்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. இரண்டு நெற்றியிலும் குங்குமம் மங்கி, செங்கல் நிறத்தில் இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

செருப்பைக் கழற்றி வாசல் ஓரமாக வைத்தேன்.

காவலுக்கு நின்ற பையன் ஓடி வந்தான். "பாட்டி, இங்க செருப்போடவே போலாம்."

"இருக்கட்டும்ப்பா" என்றேன்.

ஏசி போட்ட தரை, கால் சில்லிட்டது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். கிட்டே போனதும் என் வெறுங்காலைப் பார்த்தார். எழுபத்தைந்தைத் தாண்டிய மனிதர், சுற்றிலும் பெரிய பெரிய ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் பாட்டுக்குக் குனிந்து தன் ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு வரவில்லை.

"அவுத்து விடுடி" என்றார். "உங்கப்பன் பாத்தா வையப் போறாரு."